நெஞ்சறிய

அன்புள்ள கயலுக்கு,

மேலிடத்துக்கு அனுப்பப்போகும் புகார்க் கடிதத்தைப் படித்தேன். கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் 'அன்கான்ஷனபிள்' (unconscionable) என்ற ஆங்கிலச் சொல்லை மூன்று இடத்தில் போட்டிருக்கிறாய். ஒன்றுதான் தாங்கும்.

அதன் வயிற்றுக்குள் கான்ஷன்ஸ், அதாவது மனசாட்சி, உட்கார்ந்திருக்கிறது. லத்தீன் மூலத்தைப் பிரித்தால் 'உடன் அறிதல்'. 'நெஞ்சறியப் பொய் சொல்லாதே' என்கிறோமே, அந்த அறிதல்தான். ஆகவே 'ரொம்ப மோசம்' என்பதற்கெல்லாம் இந்தச் சொல் வராது. மனசாட்சி உள்ள எவரும் செய்யத் துணியாததைத்தான் இது குறிக்கும். சம்பளக் கணக்கில் விழுந்த பிழைக்கு இதைப் போடாதே. பிழை தெரியாமல் நடப்பது. அதற்குக் 'கவனக்குறைவு' என்றாலே போதும்.

கூட்டம் அரைமணி தாமதமானதற்கும் இதே சொல்லா? அளவுமீறிய தாமதத்தை இப்படிச் சொல்லும் வழக்கு ஆங்கிலத்தில் உண்டுதான், ஒப்புக்கொள்கிறேன். 1685இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் மரணப் படுக்கையில், சாவதற்கு இப்படி அநியாயத்துக்கு நேரம் எடுத்துக்கொள்கிறேனே என்று சுற்றி நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டாராம். அதிலும் இந்தச் சொல்தான். அரைமணிக்கு அவ்வளவு பெரிய சொல் வேண்டாம்.

மூன்றாவது இடம்தான் சரி. புதிதாகச் சேர்ந்த பையனிடம் படிக்கக்கூட விடாமல், 'இப்பவே போடு, இல்லன்னா வேலை இல்லை' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்களே, அங்கே. சட்டத்தில் இந்தச் சொல்லின் சொந்த வீடே அதுதான். இங்கிலாந்தில் 1751இல் ஹார்ட்விக் பிரபு ஒரு தீர்ப்பில் இத்தகைய பேரத்துக்கு இலக்கணம் சொன்னார்: ஒரு பக்கம் புத்தி தெளிந்த எவனும் போடமாட்டான், மறுபக்கம் நேர்மையான எவனும் ஏற்கமாட்டான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவிலும் இதே சொல் இருக்கிறது. அந்தப் பத்தியில் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடு.

ஒரு வேடிக்கை: 'அன்' இல்லாத கான்ஷனபிள் என்ற நல்ல சொல்லும் ஒன்று உண்டு. இப்போது யாரும் அதைச் சீண்டுவதில்லை.

டைப் அடிக்கும்போது கவனம். அவசரத்தில் அன்கான்ஷியஸ் என்று விழுந்தால், கையெழுத்து வாங்கியவர்கள் மயங்கிக் கிடந்ததாக ஆகிவிடும்.

அன்புடன்,
அப்பா