அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள், அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்புகள் தொடர்கின்றன. அனைவருக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் தரப்படும்.

அப்புறம், மதியச் சாப்பாடு பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு, 11.30 மணி ஆனால் போதும், வாசலில் உணவு டெலிவரி வண்டிகள் வந்து நிற்கின்றன. கேட்டைப் பார்ப்பதா, ஃப்ரைடு ரைஸ் பார்சலைப் பார்ப்பதா என்று வாட்ச்மேன் தவிக்கிறார். போன வாரம் ஒரு பையில் சால்னா முடிச்சு அவிழ்ந்து, பார்வையாளர் பதிவேடு முழுக்க எண்ணெய். சரி, பதிவேடு வேறு வாங்கிக்கொள்ளலாம். வந்த பார்சல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மேசையில் கிடந்து அப்புறம்தான் பிள்ளையின் கைக்குப் போகிறது. அதுதான் கவலை.

அதைவிடப் பெரிய கவலை சாப்பாட்டு அறையில். பார்சல் வந்த பிள்ளையைச் சுற்றிக் கூட்டம். பக்கத்தில் சாமைச் சோறும் கீரைக் கடைசலும் கொண்டுவந்த ஒரு சிறுமி, டப்பா மூடியைப் பாதி மட்டும் திறந்து, அந்த மறைவிலேயே அள்ளிச் சாப்பிடுகிறாள். என்னம்மா என்று கேட்டால், "வீட்டுச் சாப்பாடுதான் சார்" என்கிறாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல. கல்வராயன் மலைச் சாமையாம், மாமா கொடுத்தனுப்பியதாம். என்னைக் கேட்டால், அன்று அந்த அறையில் இருந்ததிலேயே உருப்படியான சாப்பாடு அதுதான்.

காலையில் உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும். தறிக்கும் மில்லுக்கும் ஆஸ்பத்திரி ஷிப்டுக்கும் எட்டு மணிக்குள் கிளம்புகிறீர்கள். மேலே ஏற்காட்டில் காபி பறிப்பு நடக்கும் சமயம் வேறு. கூட்டு, பொரியல், அப்பளம் என்று யாரும் கேட்கவில்லை. அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், ரெண்டு பூண்டு போட்டுத் தாளித்துக் குக்கரை மூடினால் அரிசிம்பருப்பு சாதம். இப்போது மார்கழி. சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளில் அவரையும் பச்சை மொச்சையும் கிடைக்கிற நேரம். மொச்சையை ராத்திரியே உரித்து வைத்துவிட்டால் (பிள்ளைகளையும் உட்கார வையுங்கள், அந்த அரை மணி நேரமாவது கையில் போன் இருக்காது) காலையில் கத்தரிக்காயோடு குழம்பு வைப்பது பெரிய வேலை இல்லை. ஊற வைத்த ஜவ்வரிசியைத் தாளித்துக் கிளறி நிலக்கடலைப் பொடி தூவினால் உப்புமா தயார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசி, வழியில் பார்க்கிற மரவள்ளிக் காட்டில் இருந்து வருவது என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. இடைவேளைக்கு ஒரு ஏற்காட்டு ஆரஞ்சு போதும், பாக்கெட் வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறக்கும் நாளிலிருந்து டெலிவரி வண்டியில் வரும் எந்தப் பார்சலும் வாங்கப்படாது, திருப்பி அனுப்பப்படும். "இன்று ஒரு நாள் மட்டும் சார்" என்று போன் செய்தாலும் பதில் இதுதான். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்துவிட்டது. வாசலில் கடை போடுகிறவரை விரட்டிவிட்டு, அதே பண்டத்தை நாமே வரவழைத்தால் என்ன நியாயம்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். உடம்புக்கு முடியாத நாள் எல்லார் வீட்டிலும் வரும். அன்று வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளை பசியோடு இருக்காது, அது எங்கள் பொறுப்பு. வீட்டிலிருந்து கேரியர் கொண்டுவருபவர்கள் பெயர், வகுப்பு எழுதி 12.15 முதல் 12.35-க்குள் வாசலில் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டில் சிரமம் இருப்பவர்கள் மாலையில் என்னை வந்து பாருங்கள், பேசிக்கொள்வோம்.

தினமும் விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், முக்கியமாகப் பாட்டிகளுக்கும், மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே சட்னி வைத்துத் தருவது) கொடுத்தனுப்பலாமா என்று இரண்டு அப்பாக்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மதியத்துக்குள் சட்னியில் ஊறி நமுத்துப்போகும். மாலையில் கூட்டிப்போய்க் கடையில் நின்றே வாங்கிக் கொடுங்கள்.