எக்செல் விழுங்கிய 15,841 பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத் தரவை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வு என்றாலே பேச்சு செயற்கை நுண்ணறிவில் போய் நிற்கிறது. ஆய்வு பல நேரம் கெட்டுப்போவது அதற்கு வெகு முன்னால், தரவு வந்து விழும் கோப்பிலேயே.

2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் கொரோனா கணக்கில் 15,841 பேர் விடுபட்டார்கள். ஆய்வக முடிவுகளை ஏற்றிய கோப்பு, எக்செல் என்ற அட்டவணை மென்பொருளின் பழைய எக்ஸ்எல்எஸ் வகை. 65,536 வரிசைகளுக்கு மேல் அதில் இடமில்லை. ஒருவருக்கே பல வரிசைகள் என்பதால் சீக்கிரமே நிரம்பி, மிஞ்சியது சத்தமில்லாமல் உதிர்ந்தது. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போனது. முடிவுகளை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எக்செலின் இன்னொரு சேட்டை தேதி. மார்ச்1 என்ற மரபணுவின் பெயரைத் தட்டினால் அது மார்ச் முதல் தேதியாகிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருப்பது 2016இல் தெரியவந்தது. கடைசியில் மரபணுதான் மார்ச்எஃப்1 என்று பெயர் மாற்றிக்கொண்டது!

03/04 என்பது ஒரு கணினியில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. நாள் 12ஐத் தாண்டினால்தான் தவறு கண்ணில் படும். ஆகவே 2024-04-03 என்று ஆண்டை முதலில் வைத்து எழுதுவதே நல்லது. காற்புள்ளியால் பிரித்துத் தரவை எழுதி வைக்கும் சிஎஸ்வி கோப்பை நேரடியாகச் சொடுக்கி எக்செலில் திறந்தால் 007 என்ற பங்கேற்பாளர் எண் வெறும் 7 ஆகும். இறக்குமதி வழியே போய், எண் உள்ள நெடுவரிசையை 'உரை' என்று குறித்துத் திறக்க வேண்டும். மூலக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது, திருத்தமெல்லாம் நகலில்தான்.

இணையப் படிவத்தில் தொல்லை வேறு மாதிரி. பரிசுக் கூப்பன் உண்டென்று சொல்லிப் பொது இணைப்பைச் சமூக ஊடகத்தில் போட்டால், தானியங்கி நிரல்களும் வந்து நிரப்பும். ஆளுக்கொரு இணைப்பு, ஒருமுறை மட்டுமே திறப்பது என்று கொடுத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். தொடக்கத்தில் வயதும் முடிவில் பிறந்த ஆண்டும் கேட்டுப் பொருத்திப் பார்க்கலாம். 20 நிமிடப் படிவம் 2 நிமிடத்தில் முடிந்திருந்தால் சந்தேகப்படலாம். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி ஒன்றே என்பதற்காக மட்டும் நீக்கிவிடக் கூடாது. ஒரே விடுதியில் தங்கியிருப்போர் பலருக்கும் அது ஒன்றாகவே இருக்கும்.

இத்தகைய ஆய்வுகளைச் செய்தியாக்கும்போது, வந்த பதில்கள் எத்தனை, தள்ளியவை எத்தனை, எந்த அளவுகோலில் தள்ளினார்கள் என்பதையும் உங்கள் நிருபர்கள் கேட்டுப் பிரசுரிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வுத் தரவு மேலாளர்கள் இருவர்