தை மாதம் முன்பள்ளிக்கு வரும் ஐந்து பிள்ளைகளுக்காக: நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த ஊரவர்களே, பழைய மாணவர்களே, புலம்பெயர்ந்து வாழும் உறவுகளே,

வரும் தை மாதம் எமது முன்பள்ளியில் சேரப் பெயர் பதிந்தவர்களில் ஐந்து பிள்ளைகள் விசேட தேவை உடையவர்கள். ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வரும். இரண்டு பிள்ளைகளுக்குக் காது கேட்பது குறைவு. மற்ற இருவரில் ஒருவருக்குப் பெருமூளை வாதம், ஒருவருக்கு ஓட்டிசம். இவர்களுக்கான கட்டட வேலை பணமில்லாமல் பாதியில் நிற்கிறது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொங்கிறீற் போட்டாக வேண்டும்.

1848இல் நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய மண் இது. பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய பரம்பரை எங்களுடையது. ஓலைக் கொட்டிலில் மணல் பரப்பி 'அ' எழுதப் பழக்கிய இந்த முன்பள்ளியை, இடம்பெயர்ந்து திரும்பிய கையோடு எங்கள் பெரியவர்கள் மறுபடி எழுப்பினார்கள். விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கென்றே இயங்கும் கைதடி நவீல்ட் பாடசாலையும் கோண்டாவில் சிவபூமிப் பாடசாலையும் செய்யும் பணி போற்றத்தக்கது. ஆனாலும் நாலு வயதுப் பிள்ளை முதலில் சேர்ந்து விளையாட வேண்டியது அயல்வீட்டுப் பிள்ளையோடுதான். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், மாற்றுத்திறன் காரணமாகக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு கூடாது என்கிறது.

வாசல் ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு, ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. எனவே சாய்தளம் 18 அடி ஓட வேண்டும். செலவைக் குறைக்க ஆறடியில் கட்டினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். அகலம் நாலடி, மேலே திரும்ப ஐந்தடிச் சமதளம், சில்லு விலகாமல் இருபக்கமும் நாலங்குலக் கட்டு, பிள்ளை பிடிக்க இரண்டடியில் ஒரு கைபிடி, பெரியவர்களுக்கு மூன்றடியில் இன்னொன்று. மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உட்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்த பிள்ளை கதவோடு கிடக்கும்போது யாரும் திறக்க முடியாது.

தகரக் கூரையில் மழை விழும் இரைச்சலைக் காதுக் கருவி சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும், ஆசிரியையின் குரல் அதில் அமுங்கிவிடும். அதனால்தான் சீலிங் கேட்கிறோம், அலங்காரத்துக்காக அல்ல. பாதம் தொங்கும் கதிரையில் பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் உடம்பு நிமிராது, கையும் வசப்படாது. இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடிந்து, பாதம் பலகையில் பதிய வேண்டும். உதவி ஆசிரியை ஒருவரும் தேவை. அவர் ஒரு பிள்ளையின் பக்கத்திலேயே ஒட்டியிருந்தால் மற்றப் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள், ஆகவே முழு வகுப்புக்கும் உதவுவார். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றன்றைய வேலைகளைப் படத்தில் வரிசையாகக் காட்டும் படநேர அட்டவணையை ஆசிரியைகளே வரைந்து முடித்துவிட்டார்கள், அதற்குச் செலவில்லை.

சாய்தளமும் கைபிடிகளும் 385,000 ரூபா. மலசலகூடம் 640,000. சீலிங் 310,000. விசேட கதிரை இரண்டு 84,000. உதவி ஆசிரியைக்கு மாதம் 25,000 வீதம் ஓராண்டுக்கு 300,000. மொத்தம் 1,719,000 ரூபா. கையில் சேர்ந்தது 1,105,000. குறைவது 614,000 ரூபா.

சேர்ந்த பணம் ஒவ்வொரு ரூபாவும் நன்றிக்குரியது. தாயாரின் ஆண்டுத் திவசச் செலவைச் சுருக்கி மலசலகூட அத்திவாரத்தைப் பொறுப்பெடுத்த குடும்பத்துக்கும், கனடாவிலும் இலண்டனிலும் இருந்து மாதாமாதம் அனுப்பும் பழைய மாணவர்களுக்கும், கூலி வாங்காமல் கல் அடுக்கிய மேசன்மாருக்கும், ஓய்வூதியத்தில் ஒரு பங்கு தந்த ஆசிரியப் பெருமக்களுக்கும், சிரமதானத்துக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த அம்மாமாருக்கும் தலைவணங்குகிறோம். அந்தப் புண்ணியம் அவர்கள் பிள்ளைகளைச் சேரும்.

தராதவர்களிடமும் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். திருவிழாவில் ஓரிரவு வாணவேடிக்கைக்குக் கணக்குப் பார்க்காத ஊர் நாங்கள். அம்பாள் வீதியில் அந்த ஐந்து பிள்ளைகளும்தான் கும்பிட வருகிறார்கள். வாசற்படி உயரம் என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால், யார் முகத்தைப் பார்த்து என்ன சொல்வோம்?

காசாகத் தர முடியாதவர்கள் சீமெந்து, கம்பி, ஒருநாள் உழைப்பு தரலாம். புரட்டாதி முடிவதற்குள் தந்தால் மழைக்கு முன் வேலை முடியும். பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் கொடுத்து, இலக்கமிட்ட பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வரவு செலவு மாதாமாதம் முன்பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

இவ்வண்ணம்,
முன்பள்ளி நிர்வாகக் குழுவினர்