மேடையில் சொல்லாமல் விட்ட நன்றி

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து மைதானத்துக்காக ஒரு நாளாவது உழைத்த எல்லோருக்கும்,

வணக்கம்.

மே 31-ம் தேதியோடு என் பணிக்காலம் முடிந்தது. 1990-ல் தேனி மாவட்டத்தின் இந்தப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தேன். பிரிவு உபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டு வரிக்கு மேல் பேச வரவில்லை. நாங்கள் வாங்கிய கோப்பைகளை ஆண்டுவாரியாக வாசித்தார்கள். அந்தக் கோப்பைகளுக்குக் காரணமானவர்களில் பலர் அன்று மண்டபத்திலேயே இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். மே மாதம் வந்தால் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். மின்விளக்கு வெளிச்சத்தில் ஆறரை அடி மனிதர்கள் ஓடுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆடுவதெல்லாம் ஆண்கள்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் "நீயும் ஆடுறியாத்தா?" என்று கேட்டவர் அவர். இன்று அவர் இல்லை. கேட்டதற்கு நன்றி, அப்பா.

அடுத்த நன்றி எங்கள் மார்க்கர் அண்ணனுக்கு. வெளியாட்களுக்கு அவர் மைதானத்தில் கோடு போடுகிறவர், அவ்வளவுதான். அவர் செய்ததைச் சொல்ல, விதிகள் மாறிய கதையிலிருந்து தொடங்க வேண்டும். நான் வந்த புதிதில் ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி. 2000-ல் அது பத்து நிமிட நான்கு கால்பகுதிகளாக மாறியது. ரிங்கை நோக்கிப் பந்தை எறிய இருந்த 30 விநாடி அவகாசம் 24 ஆகச் சுருங்கியது. விதி மாறும்போதெல்லாம் மதுரையிலிருந்து ஒரு நடுவர் ஐயா பேருந்துச் செலவுகூட வாங்காமல் வந்து, சிமென்ட் தரையில் சாக்பீஸால் வரைந்து பிள்ளைகளுக்குப் புரியவைப்பார். ஐயா, உங்களுக்கும் நன்றி.

2010 அக்டோபரில் கோடே மாறியது. வெளியே நின்று எறிந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப்போனது. ரிங்குக்கு முன்னால் சரிவகமாக இருந்த கட்டம் செவ்வகமானது. நாங்கள் பழைய கோட்டிலேயே பழகிவிட்டுப் புதுக் கோடு போட்ட மைதானம் ஒன்றுக்கு ஆடப் போனோம். எங்கள் பிள்ளை எறிந்த பந்து வலைக்குள் விழுந்தது. கால் கோட்டின் மேல் இருந்ததால் நடுவர் இரண்டு விரலைத்தான் காட்டினார். ஒரு புள்ளியில் தோற்றோம். திரும்பும் வழியில் பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போனபோது அண்ணன் பழைய கோடுகளைச் சிமென்ட் பால் அடித்து மறைத்திருந்தார். ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொட்ட இடத்தில் ஆணியை வைத்து, "அசையாமப் பிடிங்க மேடம்" என்றார். மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நைலான் நூலை ஆணியில் கட்டி இழுத்தபடி, மறு முனையில் சுண்ணாம்புக்கட்டியோடு அவர் குனிந்தே பின்னால் நடந்தார். நூல் தொய்கிற இடத்தில் நின்று, மூச்சு விட்டு, மறுபடி இழுத்தார். அதன் மேல் மஞ்சள் பெயின்ட் காய்ந்து மாலையில் பிள்ளைகள் வந்தபோது, ஒருத்தி அந்த வளைவின் மேல் பாதம் பாதமாக வைத்து நடந்து பார்த்தாள். அந்த அரை மீட்டரை எங்கள் கால்கள் கற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுக்க ஆனது.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974-ல், தன் 22-வது வயதில், பேட் சம்மிட் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 38 பருவங்களில் 1,098 வெற்றி, எட்டு தேசியப் பட்டங்கள். ஆரம்பத்தில் வேனை ஓட்டியதும் ஜெர்சிகளைத் துவைத்ததும் அவரேதானாம். அதைப் படித்தபோது எனக்கு வாய்த்தவர்கள்தான் கண்முன் வந்தார்கள். ராத்திரி எந்நேரமானாலும் கடைசிப் பிள்ளையை வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே விளக்கு எரிந்த பிறகே வண்டியை எடுத்த டிரைவர் அண்ணன். பதினொரு மணிக்கு நாங்கள் வந்து சேரும்வரை தோசைக்கல்லை அணைக்காமல் காத்திருந்த விடுதிச் சமையல் அக்கா. போட்டிக்குப் போகும் நாளுக்கு வருகை தரும் ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு நில்லாமல், விட்டுப்போன செய்முறையை முடிக்க சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவைத்த வேதியியல் பேராசிரியை. பிள்ளைகள் விளையாட்டோடு டிகிரியையும் வாங்கிப் போனதில் உங்கள் பங்கு என் பங்கைவிடப் பெரியது.

2004-ல் பெண்களுக்குச் சற்றுச் சிறிய ஆறாம் நம்பர் பந்து வந்தது. அதுவரை ஆண்கள் ஆடும் ஏழாம் நம்பரில்தான் ஆடினோம். எங்களிடம் இருந்த பந்துகள் எல்லாம் ஏழு. புதிது வாங்க அந்த வருட நிதி போதவில்லை. ரயில்வேயிலும் போலீஸிலும் வேலைக்குச் சேர்ந்திருந்த பழைய மாணவிகள் ஆறு பேர், நான் கேட்காமலே, தலைக்கு இரண்டாக வாங்கி அனுப்பினார்கள். பார்சலைப் பிரித்ததும் எழுந்த ரப்பர் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. கண்ணுகளா, நன்றி.

இனி எழுதப்போவது நன்றியோடு சேர்ந்த மன்னிப்பு. இத்தனை நாள் இதை வெளியில் சொன்னதில்லை.

ஓர் இறுதிப்போட்டி. ரிங்கில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்குக் குதித்த எங்கள் சிறந்த ஆட்டக்காரி ஒற்றைக்காலில் இறங்கினாள். முழங்கால் வீங்கியது. "ஆடுறேன் மேம்" என்றாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது நான். கிரேப் பேண்டேஜ் சுற்றி கடைசிக் கால்பகுதிக்கு இறக்கினேன். கோப்பை வந்தது. அவள் அதற்குப் பிறகு ஆடவே இல்லை, தசைநார் அறுந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. பூக்கட்டிப் பிழைக்கும் அந்த அம்மா, "இனி படி ஏறுவாளா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பொறுமையாக ஐந்து மாதம் உழைத்து அவளைப் படியேற வைத்தார். அவருக்கு என் கைகூப்பிய வணக்கம்.

அந்தப் பெண் மீதி இரண்டு ஆண்டும் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் ஸ்கோர் நோட்டை எழுதினாள். சிவப்பு மையில் ஃபவுல், நீல மையில் புள்ளி, முத்து முத்தான கையெழுத்து. அதன் பிறகு வீங்கிய காலோடு யாரையும் நான் ஆடவிட்டதில்லை. அவளிடம் கற்றது அது. கண்ணு, நான் செய்தது தவறு. நீயும் உன் அம்மாவும் என்னை வெறுக்காமல் இருந்தீர்கள். அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது.

அரைக்கால் டவுசர் போட்டு வெளியூர் போவதா என்று தயங்கி, பிறகு என் முகத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பிய ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் நன்றி. முப்பத்தைந்து வருடம் விடியற்காலையில் தானே எழுந்து காபி போட்டுக்கொண்ட என் கணவருக்கும்.

புதிதாக வந்திருக்கும் மேடத்துக்கு ஒரு சேதி. பந்து அறையில், காற்றடிக்கும் பம்புக்கு மேலே ஓர் ஆணியில் நைலான் நூல் தொங்குகிறது. அண்ணன் ஓய்வுபெற்ற அன்று கொடுத்தது. அதில் இரண்டு முடிச்சுகள் இருக்கும். உள்முடிச்சு 6.25, வெளிமுடிச்சு 6.75. மழைக்கு முன் கோட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். ஆணியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பி.டி. மேடம்