பார்சல் வந்தா எத எடுத்து வெக்கறது, எத ஓரங்கட்டறது

அம்மிணி,

உன்ற வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன். போன்ல பேசுனா உங்கப்பா நடுவுல பூந்து விசா, டிக்கெட்டுன்னு வேற பழமைக்கு இழுத்துட்டுப் போயிருவாரு, அதனால உக்காந்து டைப் பண்றேன், எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காத. நீ மாசமா இருக்கறன்னு மாப்பிள்ளையோட அம்மா, உங்கத்தை, காங்கேயத்துல இருந்து பார்சல் போடறாங்க, அதுல குங்குமப்பூ, கீழாநெல்லி பவுடரு, வசம்பு வளையலு, செலவு சாமான்னு ரசத்துக்குப் போடற மிளகு சுக்கு வகையறா, கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை எல்லாம் வருதுன்ன. கூடவே ஒரு லிஸ்ட்டு, பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, ராத்திரில தயிர் ஆகாது, மீனயும் பாலயும் சேத்துத் தின்னா தோலு வெள்ள வெள்ளயா போயிரும்னு. இதுல எது நெசம், நீ நர்சா இருந்தவ தானம்மா சொல்லுன்னு கேட்டிருந்த.

நான் கோபி பக்கம் வில்லேஜ் ஹெல்த் நர்சா ஊரு ஊரா சுத்துன காலத்துல ஒண்ணு பழகி வெச்சிருந்தேன். யாராச்சும் இத திங்கக்கூடாதுன்னு சொன்னா அது நெசமா பொய்யான்னு ஒடனே சண்டைக்குப் போக மாட்டேன், அவங்க பேச்சக் கேட்டா இந்தப் புள்ளைக்கு என்ன கொறையும்னு மொதல்ல பாப்பேன். பப்பாளிய விட்டா ஒண்ணும் கொறையாது, கொய்யா இருக்குது ஆரஞ்சு இருக்குது. தண்ணிய விட்டா? சீம்பால விட்டா? இரும்பு மாத்திரைய விட்டா? அங்க மட்டும் நான் எந்த அப்பத்தா வந்து நின்னாலும் எறங்கி வந்ததில்ல.

பப்பாளில பாதி நெசம் இருக்குது. பழத்துல இல்ல, காயில. உடுமலை பக்கம் தோட்டத்துல பப்பாளிக்குப் பால் எடுக்கறத நீ சின்னதுல பாத்திருப்ப, வெயில் ஏறங்காட்டி பச்சக்காய் மேல பிளேடுல மேலால கீறி விட்டா வெள்ளையா பால் சொட்டும், அத கீழ புடிச்சு சேக்கறவங்க கையப் பாத்தா அங்கங்க தோலு அரிச்சுக் கெடக்கும். அந்தப் பாலக் காய வெச்சு எடுக்கறதுதான் பப்பைன், கறிய மெத்துன்னு ஆக்கறதுக்குப் போடற பவுடர்ல இருக்கறது. நம்ம கோயமுத்தூர் வேளாண்மை யுனிவர்சிட்டில கோ 2, கோ 5ன்னு பால் எடுக்கறதுக்கு ஏத்த ரகமே விட்டிருக்காங்க. 2002-ல வந்த ஒரு ஆராய்ச்சில இந்தப் பால எலியோட கர்ப்பப்பைல விட்டுப் பாத்தாங்க, பிரசவ வலிக்கு ஏத்தறமே ஆக்சிடோசின், அது மாதிரியே சுருக்குச்சாம். அதே ஆராய்ச்சில பழுத்த பழம் தின்ன எலிக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா பழுக்கப் பழுக்க பால் கொறஞ்சு போகுது. அதனால அங்க தாய்லாந்து ஓட்டல்ல பச்சப் பப்பாளில சாலட் போடறாங்கள்ல, அதத் தொடாத. பழுத்தது ரெண்டு துண்டு தின்னா ஒண்ணும் ஆகாது. ஆனா இத்தன வெளக்கத்தயும் உங்கத்தைகிட்ட ஒப்பிச்சுட்டு நிக்காத, சரிங்கத்தைன்னு சொல்லிப்போட்டு பழத்தயும் விட்டுட்டீன்னா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. அன்னாசியும் அப்படித்தான், பயப்படற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

உங்க டாக்டரு பச்சப்பால் சீஸு வேண்டாம், பாதி வெந்த முட்டை வேண்டாம்னு சொன்னத "இங்கயும் இவங்களுக்கு மூடநம்பிக்கை"ன்னு சிரிச்சியே, அது அப்படி இல்லீங்கம்மணி. பச்சப்பால் சீஸுல லிஸ்டீரியான்னு ஒரு கிருமி இருக்கலாம், ஃப்ரிட்ஜுக்குள்ள குளுருலயே வளரும், உனக்கு லேசா காச்சலடிச்ச மாதிரி வந்துட்டுப் போயிரும், வயித்துல இருக்கறதத்தான் போட்டுப் பாக்கும். அது மட்டும் அவங்க சொல்றபடி இரு.

மீனும் பாலும் சுத்தப் பொய். வெண்புள்ளி வர்றது ஒடம்போட எதிர்ப்பு சக்தி நெறத்தக் குடுக்கற செல்ல எதிரின்னு நெனச்சு அழிக்கறதுனால, அது தின்னு வர்றதுமில்ல தொட்டு ஒட்டறதுமில்ல. பெங்கால்ல தயிரு ஊத்தித்தான் மீன் கொழம்பே வெக்கறாங்க. ராத்திரில தயிர் உண்டா சளி, வாழப்பழம் தின்னா சளிங்கறதும் அந்தக் கணக்குத்தான், சளி வைரஸ்ல வருது, தும்முன கையில இருந்து வருது. பால் குடிச்சா சளி கட்டும்னு ஆஸ்திரேலியால 60 பேருக்கு சளி வைரஸ மூக்குல விட்டு, யாரு எவ்வளவு பால் குடிச்சாங்க, எவ்வளவு சளி சிந்துனாங்கன்னு எடையே போட்டுப் பாத்துட்டாங்க 1990-ல, ரெண்டுக்கும் சம்மந்தம் இல்ல. பாலு எச்சில்ல கலந்து தொண்டைல கொழகொழன்னு நிக்குது, அது சளி ஏறுன மாதிரி தோணுது, அவ்வளவுதான்.

குங்குமப்பூக்கு வர்றேன். கலரு அப்பன் ஆத்தாகிட்ட இருந்து வர்றது, நீயும் மாப்பிள்ளையும் என்ன நெறமோ அதுக்குள்ளதான் வரும், ஒரு கிராம் பூவுக்குக் குடுக்கற காசுக்கு ஒரு மாசம் முட்டை வாங்கலாம். சரி வந்தா பால்ல ரெண்டு இழை போட்டுக் குடி, வாசமா இருக்கும். எனக்கு அதுல கோவமில்ல. அதோட கூடப் பொறந்த இன்னொரு பேச்சு இருக்குதே அதுல தான் கோவம், இரும்பு மாத்திரை தின்னா புள்ள கறுப்பாப் பொறக்கும்ங்கறது. நீ சிரிப்ப, ஆனா அந்த செவப்பு மாத்திரைய நான் எங்கெங்க கண்டெடுத்திருக்கறேன்னு கேளு, அரிசி ட்ரம்முக்குப் பின்னால, சாமி படத்துக்கு அடில, தென்ன மரத்து வட்டப் பாத்தில. ஒரு ஊட்டுல எட்டு மாசம் முழுகாம இருக்கற புள்ள, கண்ணு ரப்பைய இழுத்துப் பாத்தா உள்ள செவப்பே இல்ல, நகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது, படி ஏறுனா மூச்சு வாங்குது, ஹீமோகுளோபின் ஏழத் தாண்டல. மாசமா இருக்கறப்ப 11-க்கு கீழ போனாலே ரத்தசோகை, 7-க்கு கீழ போனா ஆபத்து, பிரசவத்துல கொஞ்சம் எச்சா ரத்தம் போனாலும் தாங்காது. மாத்திரைய எங்கம்மிணி வெச்சிருக்கறன்னு கேட்டா புள்ள மாமியாளப் பாக்குது, மாமியா "அது தின்னா வெளிக்கே கறுப்பா போகுதுங்க, உள்ள இருக்கறதும் அப்படித்தானுங்களே ஆகும்"ங்கறாங்க. அவங்க கண்ணால பாத்தத வெச்சுத்தான் பேசறாங்க, முட்டாளு இல்ல. ஒடம்புல ஒட்டாத இரும்பு மிச்சம் வெளியில போகுதுங்க, அதுதான் கறுப்பு, ஒட்டுனது ரத்தமாகி புள்ளைக்குப் போகுது, ரத்தம் செவப்பு தானுங்களேன்னு சொன்னேன். அப்படியே அவங்க கண்ணு ரப்பையயும் இழுத்துப் பாத்தா அவங்களுக்கும் வெளுத்துத்தான் கெடந்துச்சு. ரெண்டு பேருக்கும் சேத்து மாத்திரை எழுதுனேன்.

கெவருமெண்டுல 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடு சேந்தது, மாசமா இருக்கறப்ப 180 நாளைக்குக் குடுக்கறோம். உங்கூர்ல டோஸ் வேறயா இருக்கும், அவங்க குடுக்கறதயே சாப்பிடு. டீ காப்பி கூட மட்டும் முழுங்காத, அதுல இருக்கறது இரும்ப ஒட்ட விடாது.

ரெண்டு பேருக்கு உண்ணுன்னு உங்கத்தை சொல்றாங்க, வயிறு பெருத்தா சுகப்பிரசவம் ஆகாது கம்மியா உண்ணுன்னு உங்க அமுச்சி சொல்றா. ரெண்டயும் கேக்காத. மாசமா இருக்கறவளுக்கு வழக்கத்த விட ஒரு நாளைக்கு 350 கலோரி எச்சா வேணும்னு நம்ம நாட்டுக் கணக்கு, அது ஒரு கிண்ணம் அரிசிம்பருப்பும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும்னு வெச்சுக்கோ. நாட்டுச்சக்கரை விஷயத்துல மட்டும் உசாரா இரு. உனக்கு சுகர் டெஸ்ட்ல பார்டர்னு வந்திருக்குது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடில இருந்து தான் வாங்கறாங்க, நமக்குப் பெருமதான், ஆனா ஒடம்புக்குள்ள போயிட்டா அதுவும் சக்கரதான், சுகர் ஏத்தத்தான் செய்யும். "வெள்ளச் சக்கரைதான் கெடுதல், நாட்டுச்சக்கரை எத்தன போட்டாலும் ஒண்ணும் பண்ணாது"ன்னு நம்ம பக்கம் சுகர்காரங்க பாதிப் பேரு நம்பிக்கிட்டு கெடக்கறாங்க.

கீழாநெல்லி பவுடர லிவருக்கு நல்லதுன்னு அனுப்பறாங்களாமா. அத நான் சும்மா செடின்னு தள்ள மாட்டேன், அதுக்கு ஒரு கதை இருக்குது. லிவரக் கெடுக்கற ஹெபடைட்டிஸ் பி வைரஸக் கண்டுபுடிச்சு 1976-ல நோபல் வாங்குன பிளம்பெர்க்கும் மெட்ராஸ்ல தியாகராஜன்ங்கற ஆராய்ச்சியாளரும் இன்னும் சில பேரும் சேந்து 1988-ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல எழுதுனாங்க, பி வைரஸ் ஒடம்புலயே தங்கிப்போனவங்களுக்கு கீழாநெல்லி குடுத்ததுல 37 பேர்ல 22 பேருக்கு ரத்தத்துல வைரஸ் அடையாளம் காணாமப் போயிருச்சு, மருந்தில்லாத வெறும் மாத்திரை குடுத்த 23 பேர்ல ஒருத்தருக்குத்தான்னு. அப்பறம் வேற வேற எடத்துல செஞ்சு பாத்தாங்க, அந்த மாதிரி வரல. ஆனா நம்ம ஊர்ல காமாலைக்கு செடிய அரச்சு மோர்ல குடிச்சு சரியாப் போச்சுங்கறாங்களே அது என்னன்னா, அந்தக் காமாலைல பெரும்பாலும் தண்ணில வர்ற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ், பல பேருக்கு மருந்தே இல்லாட்டியும் சில வாரத்துல தானா எறங்கிரும், நல்ல பேர செடி வாங்கிக்கும். வயசுப் பையனுக்கு அப்படி நடந்தா நடந்துட்டுப் போகுது. மாசமா இருக்கறவளுக்கு ஈ வைரஸ் வந்தா கடைசி மூணு மாசத்துல நூத்துக்கு இருபது இருபத்தஞ்சு பேரு வரைக்கும் செத்துப் போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காமாலைக்கு மந்திரிக்கப் போனாங்க, மூக்குல சொட்டு விட்டாங்க, கையில சூடு வெச்சாங்கன்னு நாள ஓட்டிட்டு, கடைசில ஆம்புலன்ஸ்ல பெருந்துறை பெரியாசுபத்திரிக்கு ஏத்திட்டு ஓடுன கேஸ நான் பாத்திருக்கறேன், அதனால தான் இதுல எனக்கு சிரிப்பு வராது. பவுடர் வந்தா எடுத்து ஓரமா வெச்சுரு, வயித்துல புள்ளயோட அது தேவையில்ல.

இனி பொறந்ததுக்கு அப்பறம். பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்தா வயிறு தொங்கிரும்னு நம்ம பக்கம் ஒரு நாளைக்கு அரை டம்ளர் வெந்நி தொண்டைய நனைக்கற அளவுக்கு ஊத்துவாங்க. வயிறு தொங்கறது தசை விரிஞ்சதுனால, தண்ணினால இல்ல. பால் குடுக்கறவளுக்குத் தண்ணி எச்சா வேணும், அது போக பிரசவமான ஆறு வாரத்துக்கு ரத்தம் கால்ல கட்டிக்கற பயம் இருக்குது, வறண்டு கெடந்தா அது இன்னும் எச்சு. தாகம் எடுத்தாக் குடி, பக்கத்துலயே சொம்பு இருக்கட்டும்.

சீம்பாலப் பத்தி உங்கத்தை ஒண்ணும் சொல்லலீன்ன, நாளைக்கு சொல்லலாம். மாடு கன்னு போட்டா அந்த சீம்பால அக்கம்பக்கத்து ஊட்டுக்கெல்லாம் ஊத்திக் குடுத்து வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் காச்சித் திங்கறோம். கன்னு மொதல்ல ஊட்டாட்டி தேறாதுன்னு உங்க அப்பாருக்கு எந்த மாட்டு டாக்டரும் சொல்லித் தர வேண்டியதில்ல, கன்னு எந்திரிச்சு நிக்கங்காட்டியும் மடிக்குப் புடிச்சு விடுவாரு. அதே ஊட்டுல மருமகளுக்கு சுரந்த மஞ்சப்பால மட்டும் கெட்ட பாலுன்னு பீச்சி ஊத்துவாங்க, இந்த நாயத்த நான் எத்தன திண்ணைல பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதுலதான் நோய் எதிர்ப்பு சத்து ரொம்ப எச்சு. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துரு. சேனை தொடறதுக்கு தேன் கொண்டாந்தா வாயில வெக்க விடாத, ஒரு வயசு வரைக்கும் தேனே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமியோட வித்து கைக்கொழந்த கொடல்ல முளச்சு நரம்ப செயலிழக்கப் பண்ணிரும், பொட்டுலிசம்ம்பாங்க. வசம்ப சுட்டு உரசி நாக்குல தடவறதும் வேண்டாம், அதுல இருக்கற ஆசரோன்ங்கற சமாச்சாரத்துக்கு பயந்து அமெரிக்கால 1968-லயே உணவுல சேக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. வளையல போட்டு ஒரு போட்டோ எடுத்து உங்கத்தைக்கு அனுப்பிப்போட்டு கழட்டி வெச்சுரு, கொழந்த அத வாயில போட்டு சப்பும். தாய்ப்பாலுக்கு மேல மருந்தெதுக்குன்னு உங்கத்தை கேப்பாங்க, ஆனா அங்க குடுக்கற வைட்டமின் டி சொட்டு, தினம் 400 யூனிட்டு, அத விட்டறாத, உங்கூர் பனில வெயிலு எங்க இருக்குது.

செலவு சாமான் மட்டும் வந்ததும் நல்ல டப்பால போட்டு மூடி வெய்யி. மிளகு, சுக்கு, திப்பிலி, சித்தரத்தை எல்லாம் சேந்தது, ரசம் வெச்சு சுடு சோத்துல ஊத்தி உண்டா வாய்க்கு ருசியா இருக்கும், பசி எடுக்கும். நாட்டுக்கோழிச் சாறு, முருங்கக்கீரை, கொள்ளுப் பருப்பு, பூண்டு எல்லாம் நம்மாளுங்க பெத்தவளுக்குக் குடுக்கறதுல நல்லதுதான் எச்சு. பெத்தவள ரூமுக்குள்ளயே வெச்சு ஒறம்பரைய உள்ள விடாம இருந்தாங்க பாரு, அதுக்கு அவங்க தீட்டுன்னு பேரு வெச்சாலும் கொழந்தைக்கு நோய் தொத்தாம இருந்துச்சு.

அடுத்த வருசம் நோம்பிக்கு கொழந்தயத் தூக்கிட்டு வருவீங்கல்ல, அப்ப வயித்தால போனா உண்டது உள்ள சிக்கிக்கிச்சு தொக்கம் எடுக்கணும், தீட்டுப் பட்டு சீரு தட்டிருச்சுன்னு யாராச்சும் கெளம்புவாங்க. அவங்க மனசு நோகாம வேணும்னா திண்ணூறு பூசிக்கட்டும். உச்சிக்குழி உள்ள போனா அது தொக்கம் இல்ல, ஒடம்புல தண்ணி வத்திப் போச்சுன்னு அர்த்தம், ஒடனே ஆசுபத்திரிக்குத் தூக்கணும். வரும்போது ஓஆர்எஸ் பாக்கெட்டு வாங்கிட்டு வர வேண்டாம், இங்க நானே வாங்கி வெக்கறேன்.

உங்கத்தைகிட்ட எதயும் "அம்மா சொன்னா"ன்னு சொல்லாத, டாக்டரு சொன்னாருன்னு சொல்லு, சம்மந்தி சண்டை எனக்கெதுக்கு. போன தடவ எடுத்த எச்பி, அதான் ஹீமோகுளோபின் ரிப்போர்ட்ட இன்னும் நீ அனுப்பல, இன்னிக்கே போட்டோ எடுத்துப் போடு. அப்பறம் அந்த இரும்பு மாத்திரைய காலைல காப்பியோட சேத்து முழுங்கறேன்னு மாப்பிள்ளை போட்டுக் குடுத்துட்டாரு, ராத்திரி படுக்கும்போது எலுமிச்சந்தண்ணியோட மாத்திக்கோ.

அம்மா