அந்தப் புல்லுக்கு உரம் வைக்காதீர்கள்

நீலகிரியில் வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிய இடங்களில் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர உழைக்கும் வனத்துறையினருக்கும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

இருபது வருடமாக ஊட்டிப் பக்கத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு வருகிறேன். சமீபத்தில் ஒரு புல் நடவுக்கு வந்திருந்தேன். நட்ட புல் மெதுவாகத்தான் பிடிக்கிறது, தூருக்கு ஒரு பிடி காம்ப்ளக்ஸ் உரம் வைத்தால் மளமளவென்று பச்சை கட்டிவிடும் என்று அங்கே பேச்சு வந்தது. எனக்கு அப்போது வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு கேட்கவில்லை. தயவுசெய்து வைக்காதீர்கள்.

ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு காலையில், மேட்டுப் புல்லில் ஒரு தூரைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாள் வைக்கோல் நிறத்தில் இருக்கும். நொறுக்கினால் வெறும் சக்கை. உள்ளே அடித்தண்டு வெளிர்பச்சையாக, ஈரமாக, கெட்டியாக இருக்கும். தாள் முழுக்கக் காய்வதற்குள் அதிலிருந்த தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) பெரும்பங்கைப் புல் கீழே இறக்கிக்கொள்கிறது. பொதுவாகவே செடிகள் உதிரப்போகும் இலையிலிருந்து பாதியளவு, பல சமயம் அதற்கு மேலும், இப்படித் திரும்ப எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் புதுத் தளிர் கிளம்புவதற்கு அந்தச் சேமிப்புதான் கைகொடுக்கிறது. மண் கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இது புளிப்பு மண். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். கேரட்டுக்கு நாங்கள் சுண்ணாம்பு போடுவது சும்மா இல்லை.

உரம் விழுந்தால் இந்தச் சிக்கனம் தளர்ந்துவிடும். திபெத் பீடபூமியின் புல்வெளிகளில் தழைச்சத்து சேர்த்துச் சோதித்தபோது, பல செடிகள் காயும் இலையிலிருந்து தழைச்சத்தைத் திரும்ப எடுப்பதைக் குறைத்துக்கொண்டன. வேருக்கே தாராளமாகக் கிடைக்கும்போது இலையிலிருந்து எதற்குக் கறக்க வேண்டும்? சத்தோடு விழும் இலை சீக்கிரம் மக்கும். மண்ணில் சத்து இன்னும் கூடும். நம் ஊர் மழை அதில் ஒரு பங்கை ஓடைக்குக் கொண்டுபோகும். மிச்சத்தை வேகமாக வளர்கிறவை பிடித்துக்கொள்ளும். அப்புறம் மேட்டில் நிற்கப்போவது நீங்கள் நட்ட புல் இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் கிக்குயு புல்தான். வரையாடு மேயும் மேடுகளை அதற்குத் தாரைவார்க்க யாருக்கும் மனம் வராது.

இதில் சீகையின் பங்கையும் மறக்கக் கூடாது. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்து வைக்கும் மரம் அது. பல வருடம் அது நின்ற மண்ணில் தழைச்சத்து ஏற்கெனவே ஏறியிருக்கும். அதன்மேல் ஒரு மூட்டையைக் கொட்டுவது, வயிறு நிறைந்தவனுக்கு இன்னொரு இலை போடுவது மாதிரி.

ஆகவே வெட்டிய சீகையின் இலை, சுள்ளி, பட்டையை அங்கேயே மக்கவிடாமல் வெளியே எடுத்துவிடுங்கள். நாற்றங்காலில் எருவைக் குறைத்து, அந்தந்தச் சரிவின் மண்ணிலேயே புல்லைப் பழக்குங்கள். எங்கள் தோட்டத்துத் தண்ணீர் இறங்கும் பள்ளத்தில் நட வேண்டியிருந்தால் முன்கூட்டியே எங்களிடம் சொல்லுங்கள். இடையில் உரம் படாத ஒரு பட்டையை நாங்கள் விடுகிறோம். சதுப்பில் வளரும் புல்லை வைத்துத்தான் தோடர்கள் கோயில் கூரை வேய்கிறார்கள். அந்தச் சதுப்புகளுக்கு மேலே இருக்கும் தோட்டங்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

நட்ட புல் முதல் வருடம் மெலிந்துதான் நிற்கும். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்கள் ஏன் இன்னும் பச்சை கட்டவில்லை என்று கேட்டால், ஒரு தூரைப் பிரித்து அடித்தண்டைக் காட்டுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கேரட் விவசாயி