எவ்வளவு சோதித்தால் போதும்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பாளையங்கோட்டை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பை தீபாவளிக்கு முன்னால் உங்கள் கடைகளில் ஏற்றப் போகிறோம். "எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டீங்களா?" என்று டவுனிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் சோதிக்க யாராலும் முடியாது. 'ஆம், இல்லை' என்று இருபது தேர்வுகள் உள்ள ஒரு திரையிலேயே 10,48,576 விதமான சேர்க்கைகள் உண்டு.

அதனால் ஒவ்வொரு பகுதியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்கிறோம். இதில் பிழை வர எவ்வளவு வாய்ப்பு? வந்தால் கடைக்கு என்ன நஷ்டம்? இரண்டும் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் நாட்களைச் செலவிடுகிறோம். அறிக்கையின் நிறம், எழுத்தின் அளவு போன்றவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் மிக்சர், முறுக்குக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. விகிதத்தை மாற்றுவது சின்ன வேலை. ஆனால் 20ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சரக்கு 25ஆம் தேதி திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டை, அதாவது திரும்பிய சரக்கின் தொகையைக் கழித்துக் கொடுக்கும் சீட்டை, பழைய விகிதத்தில்தான் போட வேண்டும். மென்பொருள் அங்கே 5 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் திரையில் ஒன்றும் தெரியாது, சீட்டு ஒழுங்காகவே அச்சாகும். கணக்கு தாக்கல் செய்யும்போது ஆடிட்டர் கண்ணில் பட்டால்தான் உண்டு. பிரிண்டர் நின்றால் உடனே தெரியும், கையால் பில் எழுதிச் சமாளிக்கலாம். சத்தமில்லாமல் வரும் பிழைக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம்.

நன்றாக ஓடும் பழைய நிரலையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4இல் பிரச்சினை தராத நிரல்தான் அது; புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஒரு எண் பெரிதாகி, நிரலில் அதற்கு ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை.

சரி, நஷ்டம் எவ்வளவு என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அல்வாக் கடையில் சாயங்கால வரிசை நிற்கும்போது பில் ஐந்து நிமிடம் நின்றால் கூட்டம் கலைந்துவிடும். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி மில்லுக்கு அது பெரிதல்ல. எடைச்சீட்டில் ஒரு கிலோ தப்பினால்தான் தகராறு. ஆகவே உங்கள் கடையில் எது தவறினால் வியாபாரமே நின்றுபோகும் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் சோதனை நாட்களையும் அதற்கான கட்டணத்தையும் முடிவு செய்வோம்.

அன்புடன்,
உங்கள் பில்லிங் மென்பொருள் குழு